மூன்றணுத் தடிமனில் மாசை எங்கே சேர்ப்பது?

கேள்வி: சிலிக்கானில் பாஸ்பரஸ் சேர்த்தால் எலக்ட்ரான், போரான் சேர்த்தால் துளை என்று பிளஸ் டூவில் படித்தோம். மாலிப்டினம் டைசல்ஃபைடு போன்ற இரு பரிமாணக் குறைக்கடத்தியில் டிரான்சிஸ்டர் செய்யும்போது மின்னூட்ட ஊர்திகளை எப்படிக் கட்டுப்படுத்துகிறார்கள்?
– எம்.எஸ்சி. இயற்பியல் மாணவி, திருச்சி

பதில்: இந்தத் துறையில் இருப்பவர்கள் இன்றும் மல்லுக்கட்டும் இடத்தில் சரியாகக் கை வைத்திருக்கிறீர்கள். ரொம்ப சந்தோஷம்.

சிலிக்கானில் பாஸ்பரஸ், போரான் போன்ற மாசு அணுக்களை அயனிகளாக்கி வேகமாகப் பாய்ச்சி உள்ளே இறக்குவார்கள். அதில் குலைந்த படிகத்தை அப்புறம் சூடாக்கிச் சீர்செய்துகொள்ளலாம். மாலிப்டினம் டைசல்ஃபைடின் ஒற்றைப் படலமோ 0.65 நானோமீட்டர்தான்: மேலே கந்தகம், நடுவில் மாலிப்டினம், கீழே கந்தகம். அயனி அதற்குள் தங்க இடமே கிடையாது. கந்தக அணுக்களைப் பெயர்த்துவிட்டு மறுபக்கம் போய்விடும்.

அதனால் முதல் பிடி கேட்தான், அதாவது வோல்டேஜ் கொடுத்து மின்னோட்டத்தைத் திறந்து மூடும் முனை. 2011-ல் சுவிட்சர்லாந்தின் லோசானில் ஆந்த்ராஸ் கிஸ் குழு, இந்தப் படலத்தின் மேல் ஹாஃப்னியம் ஆக்சைடும் அதன்மேல் கேட்டும் வைத்து டிரான்சிஸ்டர் செய்தது. 'ஆன்' நிலை மின்னோட்டம் 'ஆஃப்' நிலையைப் போல 10 கோடி மடங்கு இருந்தது. பட்டை இடைவெளி (எலக்ட்ரான்கள் இருக்க முடியாத ஆற்றல் இடைவெளி) இல்லாத கிராஃபீனால் இப்படி அணைய முடியாது.

ஆனால் கேட்டோடு வேலை முடியவில்லை. இவ்வளவு மெல்லிய பொருளில் எல்லா அணுவும் மேற்பரப்பிலேயே இருப்பதால், வெளியே எது ஒட்டினாலும் உள்ளே ஊர்திகளின் எண்ணிக்கை மாறும். ஆய்வகத்துக்குப் புதிதாக வரும் மாணவர்களுக்கு நான் முதலில் காட்டுவது இதைத்தான். திறந்த காற்றில் சிப்பை வைத்து கேட் வோல்டேஜை ஏற்றி இறக்கினால், ஏறும்போது வரைந்த கோட்டின் மேல் இறங்கும் கோடு வராது, தள்ளி நிற்கும். பிறகு அறையை மூடி, பம்பைப் போட்டு, வெற்றிடத்தில் இரவு முழுக்கச் சூடாக்குவோம். காலையில் அளந்தால் மின்னோட்டம் கூடியிருக்கும்; டிரான்சிஸ்டர் திறக்கும் வோல்டேஜ் எதிர்க்குறிப் பக்கம் நகர்ந்திருக்கும். ஆக்சிஜனும் ஈரமும் பிடித்துவைத்திருந்த எலக்ட்ரான்கள் படலத்துக்குத் திரும்பிவிட்டன. நாம் ஒரு அணுவைக்கூட உள்ளே சேர்க்கவில்லை!

இதையே வேண்டுமென்று செய்வதுதான் மேற்பரப்பு மாசூட்டல். ஆக்சிஜன் குறைவாக உள்ள அலுமினியம் ஆக்சைடைப் பூசினால் மாலிப்டினம் டைசல்ஃபைடில் எலக்ட்ரான் கூடும். டங்ஸ்டன் டைசெலினைடின் மேல் மாலிப்டினம் ட்ரைஆக்சைடு வைத்தால் அது எலக்ட்ரானை இழுத்துக்கொள்ளும், துளைகள் பெருகும். படலத்தை வளர்க்கும்போதே மாலிப்டினத்துக்குப் பதில் சில இடங்களில் நியோபியத்தையோ ரீனியத்தையோ அமர்த்துவதும் உண்டு: நியோபியம் பி-வகை (துளை கூடும்), ரீனியம் என்-வகை (எலக்ட்ரான் கூடும்). ஆனால் ஒற்றைப் படலத்தில் மாசு அணுவின் மின்புலத்தைத் தணிக்கச் சுற்றிலும் போதிய பொருள் இல்லாததால், மாசு அணு தன் ஊர்தியைச் சிலிக்கானில் போல எளிதில் விட்டுக்கொடுக்காது.

அடுத்த தலைவலி, படலத்துக்குள் மின்னோட்டத்தைக் கொண்டுவரும் உலோக முனை. உலோகம் தொட்ட இடத்தில் பட்டை இடைவெளிக்குள் புதிய ஆற்றல் நிலைகள் முளைத்து எலக்ட்ரானுக்குத் தடுப்பாகிவிடும். 2021-ல் எம்.ஐ.டி., தைவான் தேசியப் பல்கலைக்கழகம், சிப் தயாரிக்கும் டி.எஸ்.எம்.சி. நிறுவனம் ஆகியவற்றின் ஆய்வாளர்கள் பிஸ்மத்தை முனையாக வைத்து, தொடுதடையை 123 ஓம்-மைக்ரோமீட்டருக்குக் கொண்டுவந்தார்கள். எனக்கு மிகவும் பிடித்த முடிவு இது; பிஸ்மத் போன்ற அரை உலோகத்தை (உலோகத்துக்கும் குறைக்கடத்திக்கும் இடைப்பட்டது) அந்த இடத்தில் யோசித்ததே பெரிய விஷயம்.

துளைகள் பக்கம் இன்னும் இந்த அளவுக்கு வசப்படவில்லை. மாலிப்டினம் டைசல்ஃபைடு இயல்பிலேயே எலக்ட்ரான் பக்கம் சாயும். அதனால்தான் 2025-ல் பென்சில்வேனியா ஸ்டேட் குழு, என்-வகைக்கு அதையும் பி-வகைக்கு டங்ஸ்டன் டைசெலினைடையும் தனித்தனியே வளர்த்து ஒரு சிறு கணினி செய்தது. அதன் வேகம் 25 கிலோஹெர்ட்ஸ் வரைதான்.

ப்ராஜெக்ட்டுக்குத் தலைப்பு தேடுகிறீர்கள் என்றால், டங்ஸ்டன் டைசெலினைடில் துளைகளுக்கு ஏற்ற உலோக முனையை எடுத்துக்கொள்ளுங்கள்.