ஓ.ஆர்.எம். லைப்ரரிக்கு ஆவணம்: எந்த வரியில் டேட்டாபேஸுக்கு ஆள் போகிறது?

கேள்வி: குலசேகரம், மார்த்தாண்டம் பக்கம் ரப்பர் பால் வாங்கும் மையங்களுக்குக் கணக்கு மென்பொருள் எழுதுகிறோம். அதற்காகப் பைத்தானில் சொந்தமாக ஒரு ஓ.ஆர்.எம். லைப்ரரி (டேட்டாபேஸ் டேபிள்களைக் கிளாஸ்களாகக் கையாள உதவுவது) வைத்திருக்கிறோம், 60 கிளாஸுக்கு மேல் உண்டு. கோடிலிருந்தே ஆவணப் பக்கம் எடுத்துத் தரும் ஸ்பிங்க்ஸின் ஆட்டோடாக் போட்டு எல்லாவற்றுக்கும் பக்கம் உருவாக்கியாயிற்று. ஆனாலும் புதிதாகச் சேர்கிறவர்கள் எங்களிடமே வந்து கேட்கிறார்கள். எப்படி எழுதினால் படிப்பார்கள்?
- வாசகர், நாகர்கோவில்

பதில்: அறுபதுக்கும் பக்கம் இருப்பதுதான் முதல் கோளாறு. செஷனை (டேட்டாபேஸோடு பேசும் கிளாஸ்) தேடி வருகிறவர் கண்ணில் உள்வேலைக்கான மெட்டாகிளாஸும் எஸ்.கியூ.எல். கம்பைலரும் பட்டால் அங்கேயே மூடிவிடுவார். எது பொது, எது உள்வேலை என்று பிரிக்க நாலு கேள்வி போதும். பயன்படுத்துகிறவர் அதை இம்போர்ட் செய்கிறாரா? அதிலிருந்து சப்கிளாஸ் எழுதுகிறாரா? எக்செப்ஷனாகப் பிடிக்கிறாரா? ஏதாவது மெத்தட் அதைத் திருப்பித் தருகிறதா? கடைசிக் கேள்வியில்தான் பெரும்பாலும் கோட்டை விடுவார்கள். குவெரியின் முடிவைச் சுமந்து வரும் ரிசல்ட் கிளாஸை யாரும் நேராக உருவாக்குவதில்லை, ஆனால் எல்லார் கையிலும் இருப்பது அதுதான். தேறிய பெயர்களை மாட்யூலின் 'ஆல்' (__all__) பட்டியலில் போடுங்கள். ஸ்பிங்க்ஸின் ஆட்டோமாட்யூல் அந்தப் பட்டியலைப் பார்த்தே எடுக்கும்.

இனி டாக்ஸ்ட்ரிங், அதாவது கோடுக்குள்ளேயே எழுதும் விளக்கம். 'சேவ்', 'டெலீட்' என்ன செய்யும் என்பது பெயரிலேயே தெரிகிறது. படிக்கிறவருக்குத் தெரியாதது, எந்த வரியில் டேட்டாபேஸுக்கு ஆள் போகிறது, அதாவது குவெரி ஓடுகிறது என்பதுதான். அதைச் சொல்லாத ஓ.ஆர்.எம். ஆவணம் எவ்வளவு நீளமாக இருந்தாலும் பிரயோஜனமில்லை. 'ஃபர்ஸ்ட்' மெத்தடுக்கு "முதல் பதிவைத் தரும்" என்று எழுதுவது பெயரையே திருப்பிச் சொல்வது. இப்படி எழுதிப் பாருங்கள்:

"அழைத்ததும் லிமிட் 1 சேர்த்து ஒரு செலக்ட் ஓடும். பதிவு இல்லையென்றால் 'நன்' (None) திரும்பும், எக்செப்ஷன் எழாது. ஆர்டர் பை கொடுக்காவிட்டால் எந்தப் பதிவு வரும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. ஒரே ஒரு பதிவுதான் இருக்க வேண்டும் என்றால் 'ஒன்' மெத்தடைப் பயன்படுத்தவும்."

மூன்றாவது வாக்கியத்தை வெட்டிவிடாதீர்கள். ஜாங்கோ, எஸ்.கியூ.எல்.ஆல்கெமி இரண்டும் பைத்தானில் பலரும் பழகியவை. ஜாங்கோவின் ஓ.ஆர்.எம்.மில் வரிசை சொல்லாமல் 'ஃபர்ஸ்ட்' அழைத்தால் பிரைமரி கீ வரிசையில் எடுத்துத் தரும். எஸ்.கியூ.எல்.ஆல்கெமி அப்படித் தானாக வரிசை சேர்ப்பதில்லை. ஜாங்கோவில் பழகிவிட்டு வருகிறவர் உங்களுடையதும் அதே மாதிரி என்று நினைத்துக்கொள்வார்.

இதைவிட அதிகம் அடிபடுவது, ஒரு டேபிளின் பதிவை இன்னொன்றோடு இணைக்கும் உறவுப் பண்புகள். விவசாயி மாடலில் 'அளவுகள்' என்ற பண்பு தொட்டால்தான் லோடு ஆகும் என்று வையுங்கள். 40 விவசாயிகளைப் பட்டியலிட்டு, ஒவ்வொருவரின் பால் அளவையும் காட்டும் திரைக்கு 1 + 40, ஆக 41 குவெரி ஓடும். மையத்தில் திரை இழுப்பதற்கு நெட்டைக் குறை சொல்லிக்கொண்டிருப்பார்கள். அந்தப் பண்பின் டாக்ஸ்ட்ரிங்கில் "முதல்முறை தொடும்போது ஒரு செலக்ட்" என்று எழுதி, முன்கூட்டியே மொத்தமாக எடுக்கும் வழியையும், ஓடும் எஸ்.கியூ.எல்.லையும் அடுத்தடுத்துக் காட்டுங்கள்.

செஷன் கிளாஸுக்கு, கமிட்டுக்குப் பிறகு ஆப்ஜெக்ட் என்ன ஆகிறது என்பதை எழுதியே ஆக வேண்டும். எஸ்.கியூ.எல்.ஆல்கெமியில் இயல்பாகவே கமிட் ஆனதும் மதிப்புகள் காலாவதியாகும். அடுத்து தொட்டால் மறுபடி ஒரு செலக்ட். செஷனை மூடிய பிறகு தொட்டால் டிடாச்ட் இன்ஸ்டன்ஸ் எரர். உங்களுடையது எப்படி நடக்கிறது? ஒரே செஷனை இரண்டு த்ரெட் பகிரலாமா? இரண்டுக்கும் ஆளுக்கொரு வரி.

காலம் (column, டேபிளின் நெடுவரிசை) கிளாஸ்களில் பைத்தான் பக்கம் என்ன டைப் வரும் என்பதைக் குறியுங்கள். டி.ஆர்.சி. (பாலில் உள்ள உலர் ரப்பர் சதவீதம்) 35.5 என்பது டெசிமலாக வருகிறதா, ஃப்ளோட்டாகவா? விவசாயிக்குக் கொடுக்கும் காசு அதில்தான் நிற்கிறது. எஸ்.கியூ.லைட் என்ற சிறிய டேட்டாபேஸில் டெசிமல் என்று தனி சேமிப்பு வகை கிடையாது. ஃப்ளோட்டாகப் போய்விட்டால் பைசாக் கணக்கு உதைக்கும்.

உதாரணங்களை டாக்டெஸ்ட் வடிவில் (ஆவணத்தில் உள்ள உதாரணத்தையே ஓட்டிச் சோதிப்பது) எழுதி, நினைவகத்தில் திறக்கும் எஸ்.கியூ.லைட்டில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஓட்டுங்கள். இரண்டு இடத்தில் வழுக்கும். எஸ்.கியூ.லைட்டில் ஃபாரின் கீ (இன்னொரு டேபிளின் பதிவைச் சுட்டும் காலம்) சோதனை பொதுவாக அணைந்தே இருக்கும்; கனெக்‌ஷன் திறந்ததும் பிராக்மா கட்டளை கொடுத்து இயக்காவிட்டால், "இங்கே எரர் வரும்" என்று எழுதிய உதாரணம் எரரே இல்லாமல் ஓடும். இன்னொன்று, 'ரெப்ர்' (ஆப்ஜெக்டை எழுத்தாகக் காட்டும் மெத்தட்) எழுதாத கிளாஸ் மெமரி முகவரியை அச்சிடும். அது ஓட்டத்துக்கு ஓட்டம் மாறுவதால் டெஸ்ட் விழும். ரெப்ர் எழுதிவிடுவதே நல்லது, அது பிழை தேடும்போதும் கைகொடுக்கும்.

விளக்கத்தைத் தமிழில் எழுதலாமா என்று தயங்க வேண்டாம். பைத்தான் 3 மூலக் கோப்பை யு.டி.எஃப்-8 என்றே எடுத்துக்கொள்ளும். பி.டி.எஃப். வேண்டுமென்றால் மட்டும் பி.டி.எஃப். தயாரிக்கும் இன்ஜினாக பி.டி.எஃப்.லேடெக்கை விட்டுவிட்டு ஸீலேடெக்குக்கு மாறி, தமிழ் எழுத்துரு ஒன்றைக் குறிப்பிடுங்கள்.

எல்லாம் முடிந்ததும் ஸ்பிங்க்ஸை 'நிட்பிக்கி' முறையில் ஓட்டுங்கள். பொது மெத்தடின் டைப் குறிப்பில் பக்கம் இல்லாத கிளாஸ் தலைகாட்டினால் எச்சரிக்கை வரும். அப்படி வரும் ஒவ்வொரு பெயரும், உள்வேலைக்கு என்று ஒதுக்கிவிட்டு வெளியே கசியவிட்ட கிளாஸ். அதற்கும் பக்கம் எழுதுங்கள், இல்லையென்றால் மெத்தடை மாற்றுங்கள்.