ட்ரோன் திரும்பினாலே டிராக்கிங் பெட்டி வேறு படகுக்குத் தாவுகிறது. இதைவிட நல்ல டிராக்கர் எது?

சென்னை காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் எடுத்த ட்ரோன் வீடியோவில், டிராக்கர் (ஒரு பொருளை ஃபிரேமுக்கு ஃபிரேம் பெட்டி போட்டுத் தொடரும் நிரல்) வைத்து ஒரு விசைப்படகைத் தொடர்கிறீர்கள். கேமரா அசைந்தால் பெட்டி பக்கத்துப் படகில் போய் உட்கார்ந்துகொள்கிறது என்கிறீர்கள். நானும் ராயபுரத்துக்காரன், இதே வேலைதான் பார்க்கிறேன். டிராக்கரை மாற்றாதீர்கள். கோளாறு அதற்கு முந்தைய கட்டத்தில் இருக்கிறது.

ஒரு சின்னக் கணக்கு. 4கே கேமரா (படத்தின் அகலம் 3840 பிக்சல்), 80 டிகிரி பார்வைக் கோணம், 100 மீட்டர் உயரத்திலிருந்து நேர் கீழே பார்க்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு பிக்சல் என்பது கீழே சுமார் 4.4 செ.மீ. மணிக்கு 10 கி.மீ. வேகத்தில் போகும் படகு, விநாடிக்கு 30 ஃபிரேம் என்றால், ஒரு ஃபிரேமுக்கு இரண்டு பிக்சல்தான் நகரும். ஆனால் கிம்பல் (கேமராவைத் தாங்கித் திருப்பும் பிடி) ஒரே ஒரு டிகிரி சாய்ந்தால் படமே சுமார் 40 பிக்சல் நகர்ந்துவிடும்! டிராக்கருக்குள் இருக்கும் கால்மன் ஃபில்டர் என்ற கணிப்பு முறை, படகு சீராகப் போகும் என்று நம்பி அடுத்த இடத்தைக் கணிக்கிறது. கேமரா சாய்ந்தது அதற்குத் தெரியாது. ஃபிரேமுக்கு ஒரு டிகிரி என்று மூன்று ஃபிரேம் இப்படிச் சாய்ந்தால் 120 பிக்சல், அதாவது ஐந்து மீட்டருக்கு மேல். ஏறக்குறைய ஒரு விசைப்படகின் அகலம். அங்கே படகுகள் உரசிக்கொண்டு நிற்பது தெரியும்தானே, பெட்டி தாவாமல் என்ன செய்யும்?

ஆகவே முதலில் கேமராவின் அசைவைக் கழியுங்கள். அடுத்தடுத்த இரண்டு ஃபிரேம்களில் மூலைப் புள்ளிகளை (எளிதில் அடையாளம் காணக்கூடிய கூர்மையான இடங்கள்) பொருத்தி, ரான்சாக் என்ற முறையால் தப்பான ஜோடிகளைத் தள்ளி, ஹோமோகிராஃபி (ஒரு ஃபிரேமை அடுத்ததன் மேல் பொருத்தும் உருமாற்றக் கணக்கு) எடுத்து, கால்மன் கணிப்பை அதன்படி நகர்த்த வேண்டும். எல்லாம் ஓப்பன்சிவி என்ற இலவச நிரல் தொகுப்பில் இருக்கிறது. 2022இல் வந்த பாட்-சார்ட் டிராக்கரும் கேமரா அசைவைக் கிட்டத்தட்ட இப்படித்தான் ஈடுகட்டுகிறது.

நம்ம ஊரில் சிக்கல் தண்ணீர்தான். அலையும் வெயில் பளபளப்பும் அருமையான மூலைப் புள்ளிகளாகத் தெரியும், ஆனால் ஒன்றும் நின்ற இடத்தில் நிற்காது. கட்டிப்போட்ட படகுகூட ஆடும். தண்ணீரையும் படகுகளையும் மறைத்துவிட்டு, படகுத்துறை மேடையிலும் கரையோரக் கற்களிலும் மட்டும் புள்ளி எடுங்கள். ஏலக்கூடக் கூரை ஆசை காட்டும், வேண்டாம். ஹோமோகிராஃபி எல்லாம் ஒரே தளத்தில் இருப்பதாக நினைக்கும். ட்ரோன் நகரும்போது உயரமான கூரை, தரையைவிட வேகமாக நகர்வதாகத் தெரியும்.

படகு நடுக்கடலுக்குப் போய்விட்டால் பிடித்துக்கொள்ள ஒரு கல்கூட இருக்காது. அப்போது கிம்பல் கோணப் பதிவுதான் கதி. அதன் நேரம் வீடியோவோடு ஒத்துப்போகிறதா என்று முதலில் பாருங்கள். இரண்டு ஃபிரேம் தள்ளியிருந்தாலும் திருத்தமே தொல்லையாகிவிடும்.

(சென்னைத் துறைமுகம் பக்கத்திலேயே இருக்கிறது. மறுபடி பறக்கவிடும் முன் எங்கே ட்ரோன் பறக்கலாம் என்று நிறத்தால் காட்டும் அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் அந்த இடம் என்ன நிறம் என்று பார்த்துவிடுங்கள்.)

அப்புறம், வலை சரிசெய்கிற ஆட்களையும் தொடர வேண்டும் என்றீர்கள். அரை மீட்டர் அகலமுள்ள ஆள் 4கே படத்தில் 11 பிக்சல். படத்தை 640 பிக்சல் அகலத்துக்குச் சுருக்கி, பொருள்களைக் கண்டுபிடிக்கும் யோலோ மாடலிடம் கொடுத்தால் இரண்டு பிக்சல்கூட மிஞ்சாது. படத்தைத் துண்டு துண்டாக வெட்டிக் கொடுங்கள். வேகம் குறையும், ஆனால் ஆள் தெரிவார்.