மாதிரி ரயில் மேசை: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: டிசிசி (தண்டவாளம் வழியே மின்சாரத்தோடு எண்மக் கட்டளைகளையும் அனுப்பும்) முறையில் ஓடும் எனது மாதிரி ரயில் பாதையை நான்கு பிளொக்குகளாகப் பிரித்து, மின்னோட்டத்தைக் கொண்டு ரயிலை அறியும் உணரியை ஒவ்வொன்றுக்கும் பொருத்தியிருக்கிறேன். எஞ்சின் நுழைந்ததும் பலகையில் சிவப்பு விளக்கு எரிகிறது. எஞ்சின் அடுத்த பிளொக்குக்குப் போய்விட்டால், ஐந்து பெட்டிகள் பின்னால் இருந்தாலும் விளக்கு அணைந்துவிடுகிறது. அதை நம்பிப் பொயின்ற்றை (ரயிலை வேறு பாதைக்குத் திருப்பும் தண்டவாள அமைப்பை) மாற்றியதில் இரண்டு பெட்டிகள் கவிழ்ந்தன. உணரி பழுதா?
– ச. கு., வெள்ளவத்தை

பதில்: உணரியில் பழுதில்லை. அது ரயிலைப் பார்ப்பதில்லை. அந்தத் துண்டுத் தண்டவாளத்திலிருந்து யாராவது மின்னோட்டம் எடுக்கிறார்களா என்பதை மட்டுமே பார்க்கிறது. டிசிசி முறையில் தண்டவாளத்தில் எந்நேரமும் ஏறத்தாழ 15 வோல்ற் இருப்பதால், எஞ்சின் அசையாமல் நின்றாலும் அதற்குள் இருக்கும், கட்டளைகளைப் புரிந்துகொள்ளும் டிகோடர் என்னும் சிறு சுற்று சில மில்லியம்பியரை எடுத்துக்கொண்டே இருக்கும். அதனால் எஞ்சின் எப்போதும் தெரிகிறது. உங்கள் பெட்டிகளிலோ மோட்டாரும் இல்லை, விளக்கும் இல்லை. சில்லுகள் பிளாஸ்டிக்காக இருக்கும், அல்லது அச்சில் ஒரு பக்கச் சில்லு காப்பிடப்பட்டிருக்கும். மின்னோட்டம் எடுக்காத பொருள் உணரியைப் பொறுத்தவரை அங்கே இல்லாத பொருள்தான்.

உண்மை ரயில் பாதையின் மின்சுற்று இதற்கு நேர் எதிரானது என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். அமெரிக்கரான வில்லியம் ரொபின்சன் 1872இல் காப்புரிமை பெற்ற முறையில், பாதைத் துண்டின் ஒரு முனையில் மின்கலமும் மறுமுனையில் ரிலே (மின்காந்தத்தால் இயங்கும் ஆளி) ஒன்றும் இருக்கும். பாதை வெறுமையாக இருக்கும்போது மின்னோட்டம் தண்டவாளங்களின் வழியே ஓடி ரிலேயைத் தூக்கி வைத்திருக்கும். ரயில் வந்ததும் அதன் சில்லுகளும் அச்சுகளும் இரு தண்டவாளங்களையும் இணைத்துவிட, ரிலே விழுந்து சைகை சிவப்பாகும். வயர் அறுந்தாலும், மின்கலம் தீர்ந்தாலும், தண்டவாளமே உடைந்தாலும் ரிலே விழும். அங்கே பழுது வந்தால் சிவப்பு. எம்மிடம் பழுது வந்தால் பச்சை. அழுக்கேறிய தண்டவாளம், கழன்ற ஒரு வயர், பிளாஸ்டிக் சில்லு ஆகிய எல்லாமே எமது பலகையில் "பாதை வெறுமை" என்றுதான் காட்டும். மாதிரி ரயிலுக்குப் புதியவர்கள் முதலில் மனதில் இருத்த வேண்டியது இதையே என்பேன்.

பெட்டிகளையும் சிறிதளவு மின்னோட்டம் எடுக்க வைப்பதே பரிகாரம். பிளாஸ்டிக் சில்லுகளைக் கழற்றி உலோகச் சில்லுகளை மாட்டுங்கள். அரிசி மணியிலும் சிறிய, கால்கள் இல்லாத 10 கிலோ ஓம் தடையி ஒன்றை அச்சில் காப்புச் சில்லின் ஓரமாகப் பசையால் ஒட்டி, அதன் ஒரு முனையை அச்சுக்கும் மறுமுனையை அந்தச் சில்லுக்கும் மின்கடத்தும் வண்ணப்பூச்சால் இணைத்துவிடுங்கள். 15 வோல்ற்றில் ஓர் அச்சு 1.5 மில்லியம்பியர் எடுக்கும். வெப்பம் 22 மில்லிவாற்று அளவே என்பதால் அச்சு சூடாகாது. முப்பது பெட்டிகளுக்கு, பெட்டிக்கு இரண்டு அச்சு என்று கணக்கிட்டாலும் மொத்தம் 90 மில்லியம்பியர்தான். எல்லாப் பெட்டிகளுக்கும் செய்யப் பொறுமை இல்லையென்றால், கடைசிப் பெட்டிக்காவது செய்துவிடுங்கள். பொயின்ற்றின் மேல் நிற்பது பெரும்பாலும் அதுதான்.

உணரி எந்த வகை என்று நீங்கள் எழுதவில்லை. எதிரெதிராக இணைத்த டயோட்களைக் கொண்ட வகை மலிவானது. புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் பாகங்களை வாங்கி நீங்களே பற்றாசு வைத்துச் செய்துவிடலாம். ஆனால் அது தண்டவாளத்துக்குப் போகும் மின்னழுத்தத்தில் ஏறத்தாழ 1.4 வோல்ற்றைத் தின்றுவிடும். ஆகவே, உணரி இல்லாத பிளொக்குகளிலும் அதே எண்ணிக்கை டயோட்களை இடுங்கள். இல்லாவிட்டால் எஞ்சின் இடைவெளியைக் கடக்கும்போது வேகம் மாறலாம். சிறு வளையச் சுருளின் நடுவே வயரை நுழைக்கும் வகையில் இந்த இழப்பு இல்லை. அதன் உணர்திறன் போதாவிட்டால், அதே வயரை வளையத்துக்குள் இன்னொரு முறை சுற்றினால் இரட்டிப்பாகும். புதிதாக வாங்குபவருக்கு நான் சொல்வது வளையச் சுருளையே.

கேள்வி: தண்டவாளத்துக்குச் சல்லி இட்டு ஒட்டிய நாளிலிருந்து, ஒரு பிளொக்கில் ரயில் எதுவும் இல்லாமலே சிவப்பு விளக்கு எரிகிறது. மதியத்தில் அணைகிறது, மழை பெய்தால் மீண்டும் எரிகிறது. ஏன்?
– ஒரு வாசகி, தெகிவளை

பதில்: ஈரச் சல்லி வழியே ஒரு தண்டவாளத்திலிருந்து மற்றதற்கு மின்னோட்டம் கசிகிறது. 1 மில்லியம்பியரில் விழித்துக்கொள்ளும் உணரிக்கு, 15 கிலோ ஓம் கசிவு இருந்தாலே போதும். அந்தப் பிளொக்குக்குப் போகும் வயர்களைக் கழற்றிவிட்டு, தண்டவாளங்களுக்கு இடையே மல்ரிமீற்றரால் தடையை அளந்து பாருங்கள். காலையில் ஓர் அளவும் பிற்பகலில் பல மடங்கு கூடிய அளவும் காட்டினால் சந்தேகத்துக்கு இடமில்லை. பசை காயாமல் இருந்தால் ஒரு வாரம் மின்விசிறியைப் போட்டு விடுங்கள்.

ஆனால் சல்லி எங்கிருந்து வந்தது என்று கேட்காமல் இருக்க முடியவில்லை. நானும் ஒருமுறை கடற்கரை மணலை அள்ளி வந்து, தேநீர் வடியால் அரித்து, நன்றாகக் காயவைத்தே ஒட்டினேன். இரண்டு மாதமாக எனது மூன்றாம் பிளொக் ஒவ்வொரு காலையும் சிவப்பாகவே இருந்தது. மணல் காய்ந்தது உண்மைதான்; அதிலிருந்த உப்பு போகவில்லை. கொழும்பின் காற்றிலிருந்து உப்பு நீரை இழுத்துக்கொண்டே இருந்தது. வீட்டில் அந்த வடியைப் பற்றி எழுந்த பிரச்சினை தனிக்கதை. நல்ல தண்ணீரில் பலமுறை கழுவிய மணலை, அல்லது அரைத்த கல்லையே பயன்படுத்துங்கள்.

கேள்வி: பழைய இரட்டைச் சுருள் பொயின்ற் மோட்டார் ஒன்று, பொத்தானைச் சற்று அதிக நேரம் அழுத்தியதில் எரிந்துபோனது. எல்லாவற்றையும் சேர்வோவுக்கு (சொன்ன கோணத்துக்குக் கையைத் திருப்பும் சிறு மோட்டாருக்கு) மாற்றலாமா?
– த. இ., கொட்டாஞ்சேனை

பதில்: மாற்றலாம், ஆனால் எரிந்தமைக்குக் காரணம் மோட்டாரின் குறை அல்ல. சில அம்பியர் மின்னோட்டத்தை ஒரு கணம் மட்டும் எடுப்பதற்காகவே அந்தச் சுருள் சுற்றப்பட்டிருக்கிறது. தொடர்ந்து கொடுத்தால் அடுப்பாகிவிடும். பெரிய கொள்ளளவி ஒன்றில் மின்னேற்றத்தைச் சேர்த்து ஒரே வீச்சில் விடுகின்ற சுற்றை இடையில் வைத்தால், பொத்தானில் விரலை வைத்துக்கொண்டே தூங்கினாலும் சுருள் எரியாது. மிஞ்சிய மோட்டார்களை அப்படியே காப்பாற்றலாம்.

புதிய பொயின்ற்களுக்குச் சேர்வோ நல்லது. 9 கிராம் எடையுள்ள சிறிய சேர்வோவுக்கு 20 மில்லிசெக்கனுக்கு ஒரு துடிப்பு அனுப்ப வேண்டும். அத்துடிப்பு 1 மில்லிசெக்கன் நீளமானால் ஒரு பக்கமும், 2 ஆனால் மறுபக்கமும் கை திரும்பும். இடைப்பட்ட அளவுகளைச் சிறிது சிறிதாகக் கூட்டிக்கொண்டு போனால், பொயின்ற் நாக்கு (அதில் நகரும் தண்டவாளத் துண்டு) இரண்டு செக்கன் எடுத்து மெல்ல நகர்வதைக் காணலாம். டப்பென்று அடிக்கும் சுருளில் அந்த அழகு கிடைக்காது. நாக்கு தண்டவாளத்தில் ஒட்டிய பிறகும் சேர்வோ முனகிக்கொண்டிருந்தால், அது இன்னும் தள்ளப் பார்க்கிறது என்று அர்த்தம். எல்லையை ஒரு பாகை குறையுங்கள், இணைப்புக் கம்பியும் வளைந்துகொடுக்கும் மெல்லிய உருக்குக் கம்பியாக இருக்கட்டும். 5 வோல்ற் மின்சாரத்தை துடிப்பை அனுப்பும் ஆடுயினோ என்னும் சிறு கட்டுப்பாட்டுப் பலகையிலிருந்து எடுக்காமல் தனி வழங்கியிலிருந்து எடுத்து, இரண்டின் பூச்சிய வயர்களையும் ஒன்றாக இணையுங்கள்.

பலர் மறப்பது ஒன்று உண்டு. இரு பாதைகளின் தண்டவாளங்கள் குறுக்கிடும் ஆப்பு முனையை ஃபுரொக் என்பார்கள். அது உலோகத்தாலானதாக இருந்தால், நாக்கு எந்தப் பக்கம் இருக்கிறதோ அதற்கேற்ப அதன் மின்முனையும் மாற வேண்டும். சேர்வோவில் அதற்கான ஆளி கிடையாது. ஆகவே ரிலே ஒன்றையோ நுண்ணாளி ஒன்றையோ சேர்த்து, நாக்கு நடுவழியில் இருக்கும்போது அது மாறும்படி அமையுங்கள். இல்லாவிட்டால் முதல் சில்லு ஆப்பைத் தொட்டதும் குறுஞ்சுற்று ஏற்பட்டு மேசை முழுவதும் நின்றுவிடும்.

கேள்வி: டிசிசி வயர்களிலேயே உணரிகளின் செய்தியையும் கணினிக்கு அனுப்ப முடியாதா? ரயில் மேலே நிற்கும்போது பொயின்ற் மாறாமல் தடுப்பது எப்படி?
– வி. ம., வத்தளை

பதில்: அடிப்படை டிசிசி ஒருவழிப் பேச்சு. கட்டளை நிலையம் 58 மைக்ரோசெக்கன் அரைத்துடிப்பால் ஒன்று என்றும், 100 மைக்ரோசெக்கனோ அதற்கு மேலோ உள்ள அரைத்துடிப்பால் பூச்சியம் என்றும் சொல்லிக்கொண்டே போகிறது. எஞ்சினும் பொயின்ற் டிகோடரும் கேட்டுக்கொள்கின்றன. உணரியின் பதிலுக்கு எஸ்88, லோகோநெற் போன்ற, செய்தியைக் கொண்டுசெல்லும் தனி வயர்ப் பாதை வேண்டும். அப்பாதையைக் கணினிக்கு இணைத்தால், ஜேஎம்ஆர்ஐ என்னும் இலவச மென்பொருள் பலகையைத் திரையில் காட்டும்.

பொயின்ற்றைத் தடுப்பதற்கு, முதலில் அந்தப் பொயின்ற்றையே தனிப் பிளொக்காகப் பிரித்து அதற்கென உணரி கொடுங்கள். அது சிவப்பாக இருக்கும்வரை மாற்றும் கட்டளையைச் செவிமடுக்காத விதி ஒன்றை மென்பொருளில் எழுதுங்கள். பச்சையானவுடனும் அனுமதித்துவிட வேண்டாம். அழுக்குச் சில்லு ஒரு கணம் தொடர்பை இழந்தாலே பச்சை மின்னிவிடும். தொடர்ந்து மூன்று செக்கன் பச்சை நின்றால் மட்டுமே மாறலாம் என்று வையுங்கள். வெள்ளவத்தை வாசகரின் இரண்டு பெட்டிகளை மட்டும் இந்த விதி காப்பாற்றியிராது. அவருக்குத் தடையிகள்தான் வேண்டும்.