புது ரைஃபிள் குறி சிதறுகிறதா? முதலில் திருகாணியைப் பாருங்கள்

கேள்வி: டெக்சஸில் வசிக்கிறேன். மான் வேட்டைக்காக .308 வின்செஸ்டர் போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிள் ஒன்று புதிதாக வாங்கினேன். 100 கஜத்தில் மூன்று குண்டு சுட்டால் ஒரு முறை முக்கால் அங்குலத்துக்குள் விழுகிறது, அடுத்த முறை இரண்டு அங்குலம் சிதறுகிறது. கடைத் தோட்டாவை விட்டுவிட்டு, காலி உறையில் மருந்தும் குண்டும் வைத்து நானே நிரப்பிக்கொண்டால் சரியாகிவிடும் என்கிறார் உடன் வேலை பார்ப்பவர். கருவிகளை வாங்கிவிடலாமா?

பதில்: வாங்கலாம், ஆனால் இந்த மாதம் வேண்டாம். உங்கள் ரைஃபிள் எப்படிச் சுடுகிறது என்பதே உங்களுக்கு இன்னும் தெரியாது. மூன்று குண்டை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. முக்கால் அங்குலமும் இரண்டு அங்குலமும் ஒரே ரைஃபிளின் சாதாரண ஏற்ற இறக்கமாகவே இருக்கலாம். மூன்று குண்டு குரூப்கள் (ஒரே குறியில் சுட்ட துளைகளின் கூட்டம்) சராசரியாக ஒரு அங்குலம் வந்தால், அதே ரைஃபிளில் பத்துக் குண்டு குரூப் ஒன்றரை அங்குலத்துக்குச் சற்று மேலேயே போகும். ரைஃபிள் கெட்டுவிட்டதாக அர்த்தமில்லை. குண்டு கூடக் கூட, ஓரத்தில் ஒன்று விழும் வாய்ப்பும் கூடுகிறது, அவ்வளவுதான். முக்கால் அங்குலத் தாளைப் பர்ஸில் வைத்துக்கொண்டு ஊரெல்லாம் காட்டுகிறவர்களை எனக்குத் தெரியும். இரண்டு அங்குலத் தாள் அவர்கள் வீட்டுக் குப்பைக்கூடையில் இருக்கும்.

சோதிக்கும் முன் திருகாணிகளைப் பாருங்கள். ஒரு முறை ஒரு மதியம் முழுக்க மூன்று வகைத் தோட்டாக்களை மாற்றி மாற்றிச் சுட்டு, ஒவ்வொன்றையும் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். வீட்டுக்கு வந்து ஸ்கோப்பைக் கழற்றினால், அடியில் இருக்கும் தாங்கியின் முன்திருகாணி விரலாலேயே சுழன்றது. அன்று சுட்ட அறுபது தோட்டாவும் வீண். ஸ்கோப் வளையம், தாங்கி, ரைஃபிளைக் கட்டையோடு (தோளில் அணைத்துப் பிடிக்கும் பகுதி) பிணைக்கும் திருகாணிகள் எல்லாவற்றையும் தயாரிப்பாளர் குறிப்பிட்ட இறுக்கத்துக்கு டார்க் ரென்ச் (இறுக்கத்தை அளந்து காட்டும் ஸ்பேனர்) வைத்து முடுக்குங்கள். கை அளவை நம்பாதீர்கள். அப்புறம் ஒரு டாலர் நோட்டைக் குழலுக்கும் கட்டைக்கும் நடுவே நுழைத்து, அடிவரை இழுத்துப் பாருங்கள். குழல் தனித்து நிற்கும்படி செய்த ரைஃபிளில் நோட்டு எங்கும் மாட்டக்கூடாது.

சரி, இனி சுடலாம். முன் மணல்மூட்டை கட்டைக்கு அடியில் இருக்கட்டும், குழல் எதிலும் படவேண்டாம். பின்னாலும் ஒரு மூட்டை வையுங்கள். வேட்டை ரைஃபிளின் குழல் மெலிது, சீக்கிரம் சூடேறும். ஐந்து குண்டு சுட்டதும் போல்ட்டை (தோட்டா ஏற்றக் கையால் இழுக்கும் தண்டு) திறந்து வைத்துவிட்டு ஆறவிடுங்கள். கடையில் குண்டு எடை வேறுபட்ட மூன்று நான்கு வகைத் தோட்டா வாங்கி, ஒவ்வொன்றிலும் பத்துப் பத்து சுடுங்கள். அளக்கும்போது, மிகத் தள்ளி விழுந்த இரண்டு துளைகளின் வெளி விளிம்புக்கு வெளி விளிம்பு அளந்து, குண்டின் விட்டமான .308 அங்குலத்தைக் கழித்துவிடுங்கள். ‘அது என் கை நடுங்கியதால் போனது’ என்று எந்தத் துளையையும் ஒதுக்காதீர்கள். நடுங்கும் அந்தக் கையோடுதான் காட்டுக்குப் போகப்போகிறீர்கள்.

இப்படிச் செய்தபின் ஒரு வகைத் தோட்டா பத்துக் குண்டை இரண்டு அங்குலத்துக்குள் வைத்தால், மான் வேட்டைக்கு வேறெதுவும் தேவையில்லை. வெள்ளைவால் மானின் உயிர்நிலைப் பகுதி ஏறக்குறைய எட்டு அங்குல அகலம். 200 கஜத்தில் உங்கள் சிதறல் நான்கு அங்குலம்தான். வேட்டையில் பெரும்பாலும் எண்ணப்படுவது ஆறிய குழலிலிருந்து வரும் முதல் குண்டு. அது எங்கே விழுகிறது என்பதைத் தனித்தனி நாட்களில் சுட்டு, ஒரே தாளில் குறித்து வாருங்கள்.

அதற்கு மேலும் தோட்டா நிரப்பும் ஆசை இருந்தால், அது நல்ல பொழுதுபோக்கு. நானும் அந்த மேசையில்தான் ஞாயிற்றுக்கிழமைகளைக் கழிக்கிறேன். சுட்டு முடித்த பித்தளை உறைகளை இப்போதே சேர்த்து வையுங்கள். உங்கள் ரைஃபிளின் அறைக்கு ஏற்ப அவை விரிந்திருக்கும். உறையை அச்சில் அழுத்தித் திரும்ப வடிவத்துக்குக் கொண்டுவரும்போது, அதன் தோள்பகுதியை (கழுத்துக்குக் கீழே சரியும் இடம்) ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் ஓரிரு பங்கு மட்டும் பின்தள்ளினால் போதும். அதிகம் தள்ளினால் உறை சீக்கிரம் விரிசல் விடும். உறையின் நீளம் 2.015 அங்குலத்தைத் தாண்டினால் வெட்டியே ஆகவேண்டும்.

வெடிமருந்து அளவு மட்டும் விளையாட்டில்லை. குண்டு, மருந்து தயாரிப்பாளர்கள் வெளியிடும் கையேட்டின் தொடக்க அளவிலிருந்து ஆரம்பித்து, சிறு சிறு படியாக ஏறுங்கள். நண்பர் சொன்ன அளவு, எங்கோ படித்த அளவு எதுவும் வேண்டாம். .308-க்கான அழுத்த வரம்பு சதுர அங்குலத்துக்கு 62,000 பவுண்டு. அது உங்கள் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் நடக்கிறது. போல்ட் திறக்கக் கனத்தாலோ, பிரைமர் (உறையின் அடியில் மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி) தட்டையாகிக் கிடந்தாலோ அதோடு நிறுத்திவிடுங்கள். மேசையில் ஒரு நேரத்தில் ஒரே ஒரு மருந்து டப்பாதான் இருக்கவேண்டும்.

மருந்தை 0.1 கிரெயின் (மருந்தை எடைபோடும் சிறு அலகு) மாற்றி மாற்றி, ஒவ்வொன்றிலும் மூன்று குண்டு சுட்டு, ‘சரியான இடத்தை’ தேடுகிறார்கள் பலர். என் பார்வையில் அதில் பெரும்பகுதி தற்செயலைத் துரத்துவதுதான். குரூப் பிடிக்கவில்லையென்றால் குண்டையோ மருந்தின் வகையையோ மாற்றுங்கள், மாற்றம் கண்ணுக்குத் தெரியும். ஆனால் எதை மாற்றினாலும் மறுபடி தொடக்க அளவிலிருந்துதான் ஏறவேண்டும். நிரப்பும்போது நீளமும் பாருங்கள்: .308 முழுத் தோட்டாவுக்கான வரம்பு 2.81 அங்குலம். மிக நீளமாக்கினால் மகசீனில் போகாது.

தமிழ்நாட்டிலிருந்து படிப்பவர்களுக்கு: இதெல்லாம் டெக்சஸ் கதை. இந்தியாவில் உரிமமின்றித் தோட்டா தயாரிப்பது 1959 ஆயுதச் சட்டப்படி குற்றம்.

அடுத்த முறை போகும்போது டார்க் ரென்ச்சும் ஒரே பெட்டித் தோட்டாவும் எடுத்துப் போங்கள், பத்தையும் ஒரே தாளில் சுடுங்கள். அந்தத் தாளின் அளவை எனக்கு எழுதுங்கள், கருவிகளைப் பற்றி அப்போது பேசலாம்.