வால் முளைத்த ரிகார்ட்

வணக்கம் ஐயா,

வாடிக்கையாளருக்கு எழுதிய கடிதத்தை ‘வித் ரிகார்ட்ஸ் டு யுவர் லெட்டர் ரிகார்டிங் த டிலே’ என்று தொடங்கியிருந்தேன். ‘ரிகார்ட்ஸ்’ தப்பு என்று மேலாளர் எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார். இணையத்தில் இரண்டு விதமாகவும் எழுதுகிறார்கள். எது சரி? இந்த வயதில் இனி ஆங்கிலம் வருமா என்றே சோர்ந்துவிட்டேன்.

ம.

அன்புள்ள ம.,

மேலாளர் சொன்னது சரி. ‘வித் ரிகார்ட் டு’, ‘இன் ரிகார்ட் டு’ இரண்டிலும் எஸ் கிடையாது. ‘ஆஸ் ரிகார்ட்ஸ்’ என்பதில் உண்டு. அங்கே அது வினைச்சொல், பின்னால் ‘டு’ வராது. கடிதத்தின் அடியில் போடுகிறோமே ‘ரிகார்ட்ஸ்’, அது வணக்கம். அந்த வணக்கம்தான் உங்கள் முதல் வரிக்கு ஏறிவிட்டது. எல்லார் முன்னாலும் சொன்னாரே என்றால், அது அவர் குணம், விடுங்கள்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானும் இந்த எஸ்ஸில் மாட்டியவன். மேலதிகாரி சிவப்புப் பென்சிலால் அதைச் சுழித்துத் தாளைத் திருப்பிக் கொடுத்தார். மறுபடி தட்டச்சு செய்து கொண்டுபோனேன். இம்முறை தொடர் முழுவதையும் அடித்துவிட்டு, மேலே ‘அபவுட்’ என்று எழுதினார்.

“முதல்லயே சொல்லியிருக்கலாமே சார்?”

“முதல்ல தப்பு போகட்டும். அப்புறம் கொழுப்பு.”

மூன்றாவது முறையும் தட்டினேன், பல்லைக் கடித்துக்கொண்டு. 1948இல் பிரிட்டிஷ் கருவூலத்துக்காக எர்னஸ்ட் கவர்ஸ் எழுதிய ‘பிளெய்ன் வேர்ட்ஸ்’ என்ற எளிய ஆங்கிலக் கையேடு கைக்கு வந்தபோதுதான் கோபம் தணிந்தது. அரசு ஊழியர்களின் இதே வியாதியோடுதான் அவரும் மல்லுக்கட்டியிருக்கிறார்.

பல விஷயம் பேசும் கடிதத்தில் ஒன்றை விட்டு இன்னொன்றுக்குத் தாவ ‘வித் ரிகார்ட் டு’ உதவும். மற்ற இடங்களில் அது தொண்டையைச் செருமுவதுதான். தமிழில் ‘தொடர்பாக’, ‘சம்பந்தமாக’ என்று செருமுகிறோம். உங்கள் ஒரே வரியில் இரண்டு செருமல்! எஸ்ஸை எடுத்தாலும் வரி தேறாது. ஒரு எஸ்ஸுக்காகச் சோர்ந்துபோனீர்கள். உங்கள் தமிழ்க் கடிதத்தில் ஐந்து ஒற்றுகளைப் போட்டுத்தான் மேலே வெளியிட்டிருக்கிறேன். அதற்கு யாரும் சோர்வதில்லை.

சரக்கு தாமதமானது உங்கள் தரப்பில்தானே? அப்படியானால் ‘வீ ஆர் சாரி யுவர் ஆர்டர் இஸ் லேட்’ என்று தொடங்குங்கள். எந்தத் தேதிக்குள் வரும் என்பது இரண்டாவது வரி.