கடைசி பைக்

அன்புள்ள ஐயா,

கோவையில் ஐடி கம்பெனியில் வேலை பார்க்கிறேன். சில மாதங்களுக்கு முன்பு ஒரு ரைடிங் கிளப்பில் சேர்ந்தேன். ஞாயிறு விடியலில் கிளம்பி, எங்காவது போய் டிபன் சாப்பிட்டுவிட்டுத் திரும்புவோம். போன மாதம் வால்பாறை போனோம். இருபது பைக்குகள். பெரும்பாலும் 350, 400 சிசி. என்னுடையது 150. ஆழியார் வருவதற்குள்ளேயே பின்தங்கிவிட்டேன். வளைவுகளில் பயந்து பயந்து ஏறி மேலே போனபோது அவர்கள் டீ குடித்து, குரூப் போட்டோவும் எடுத்து முடித்திருந்தார்கள். நான் ஹெல்மெட்டைக் கழற்றியதும் "போலாமா?" என்று கிளம்பினார்கள். அன்று இரவு வாட்ஸாப்பில் என் பெயருக்குப் பக்கத்தில் ஆமைப் படம். நானும் சிரித்து வைத்தேன். ஆனால் உறுத்திக்கொண்டே இருக்கிறது.

பெரிய வண்டி வாங்கிவிடலாமா? இல்லை, இனிமேல் தனியாகவே போகலாமா? பயணம் என்றால் தனியாகத்தான் என்று நீங்களும் எழுதியிருக்கிறீர்கள். கூட்டமாகப் போவதெல்லாம் வெறும் பந்தாதானா? அப்பா இதை வசதியான வீட்டுப் பிள்ளைகளின் விளையாட்டு என்கிறார்.

எம்., கோவை

அன்புள்ள எம்.,

உங்கள் கடிதம் வந்த வாரம்தான் எங்கள் ஊர் பைபாஸ் டீக்கடையில் ஒரு கிளப் வந்து இறங்கியதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முழங்கால் கவசம், மார்பில் கேமரா, முதுகில் கிளப் சின்னம். எல்லோரும் டீ குடித்து, பஜ்ஜி தின்று, செல்பி எடுத்து, கையுறையை மாட்டிக்கொண்டிருந்த நேரத்தில் கடைசிப் பையன் வந்து சேர்ந்தான். சின்ன வண்டி. ஒரு டீ வாங்கினான். லீடர் விசில் அடித்தார். பையன் சுடச்சுடப் பாதியைக் குடித்துவிட்டு மீதியைச் சாக்கடையில் கொட்டினான். அன்றிலிருந்து இதை எழுத வேண்டும் என்று இருந்தேன்.

அவன்தான் அந்தக் கூட்டத்திலேயே அதிகம் களைத்தவன். அவனுக்குத்தான் ஓய்வே கிடையாது. முன்னால் வந்தவர்களுக்கு அவனுக்காகக் காத்திருந்த நேரம் முழுக்க ஓய்வு. அவன் வந்ததும் ஓய்வு முடிந்தது. இப்படி ஒருவனை விடிகாலையிலிருந்து மதியம் வரை ஓட்டவிட்டு, மலைப்பாதையில் அவன் தடுமாறினால் "அவனுக்கு ஸ்கில் பத்தாது" என்பார்கள்.

நீங்கள் மெதுவாக ஓட்டியதால் பின்தங்கினீர்கள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகம் என்றால் ஒரு நொடிக்குச் சுமார் 17 மீட்டர். முன் வண்டிக்கும் உங்களுக்கும் இரண்டு நொடி இடைவெளி வேண்டும் என்று கிளப்பில் சொல்லித் தந்திருப்பார்கள். ஒற்றை வரிசையில் இருபது பைக் போனால் முதல் ஆளுக்கும் கடைசி ஆளுக்கும் நடுவே 600 மீட்டருக்கு மேல் வந்துவிடும். சரி, வழியில் ஓர் ஊர், ஒரு வேகத்தடை. லீடர் அதை ஏறி இறங்கி மறுபடி அறுபதைத் தொட்டுவிடுவார். பின்னால் வருகிற ஒவ்வொருவரும் முன்னவர் வேகமெடுத்ததைக் கண்ணால் பார்த்த பிறகுதான் கையைத் திருகுவார். ஆளுக்கு அரை நொடி தாமதம் என்று வையுங்கள். கடைசி ஆளுக்கு அது ஒன்பதரை நொடியாகச் சேர்ந்திருக்கும். ஏற்கெனவே இருந்த தூரத்தோடு இன்னொரு 160 மீட்டர். அதை எட்டிப் பிடிக்க அவர் எண்பதில் அரை நிமிடம் போக வேண்டும். பிடித்தாரா, அடுத்த ஊர், அடுத்த வேகத்தடை.

ஆக, லீடர் நாள் முழுக்க அறுபதைத் தாண்டவே இல்லை. கடைசி ஆள் இருபதில் தவழ்ந்தார், இல்லையென்றால் எண்பதில் பறந்தார். சாயங்காலம் லீடர், "நிதானமா ஒரு ரைடு" என்று ஸ்டேட்டஸ் போடுவார். அதுவும் உண்மைதான். இது புரியாமல் பத்து வருடமாக லீட் பண்ணுகிறவர்கள் இருக்கிறார்கள். புதியவனையும் சின்ன வண்டியையும் வரிசையின் வாலில் தள்ளிவிடுகிறார்கள். கூட்டத்திலேயே அதிக வேகமும் அதிக நிதானமும் தேவைப்படுகிற இடத்தில், இரண்டும் இல்லாதவனை நிறுத்துகிறார்கள்.

நான் இளைஞனாகச் சேலத்தில் இருந்தபோது எங்களுக்குக் கிளப் எல்லாம் கிடையாது. ஒரு மெக்கானிக் பட்டறைதான். பட்டறைக்காரரை எல்லோரும் மாமா என்போம். அவரிடம் திருவொற்றியூரில் செய்த பழைய புல்லட் ஒன்று இருந்தது. கியர் வலது காலில், பிரேக் இடது காலில். வேறு யாராவது எடுத்தால் பிரேக் என்று நினைத்துக் கியரை மிதித்துத் திணறுவார்கள். மற்றவர்களிடம் யெஸ்டி, ராஜ்தூத், ஒருவனிடம் டிவிஎஸ் 50. இந்தப் படையோடு காரவள்ளி வழியாகக் கொல்லிமலை ஏறுவோம். 70 கொண்டை ஊசி வளைவுகள். லீடருக்கு அடுத்த இடம் டிவிஎஸ் 50க்கு. அது மாமா போட்ட சட்டம். அது என்ன வேகத்தில் திணறி ஏறுகிறதோ அதுதான் எல்லோருக்கும் வேகம். யெஸ்டிக்காரனுக்கு ரத்தம் கொதிக்கும். கொதிக்கட்டும் என்று விட்டுவிடுவார்.

மாமா எப்போதும் கடைசி. எங்களில் நன்றாக ஓட்டத் தெரிந்தவரும் அவர்தான். "நீங்க முன்னாடி போங்க மாமா" என்று ஒருமுறை சொன்னபோது, "முன்னாடி எனக்கு என்னடா வேலை? வேலையெல்லாம் பின்னாடிதான் வரும்" என்றார். வரும்தான். பாதி மலையில் யெஸ்டியின் கிளட்ச் கேபிள் அறுந்தது. மாமா ஓரம்கட்டி, பக்கப் பையிலிருந்து சுருட்டிய கேபிள்களை எடுத்தார். கூட வருகிற ஒவ்வொரு வண்டிக்கும் ஒன்று. எது எதற்கு என்று தெரிய ஒவ்வொன்றிலும் வேறு வேறு நிறத்தில் நூல். பச்சை நூல் யெஸ்டிக்கு. அறுந்ததை உருவிப் போட்டு, புதியதன் நுனியில் எண்ணெய் தொட்டு, வழியில் எங்கும் மடங்காமல் விரலால் தடவிக்கொண்டே கொண்டுபோய் லீவரில் மாட்டினார். யெஸ்டிக்காரன் பக்கத்தில் உட்கார்ந்து பீடி பற்றவைத்தான். "அணைடா, பெட்ரோல் டேங்க் பக்கத்துல" என்று ஓர் அதட்டல். முன்னே போனவர்கள் கண்ணாடியில் ஆளைக் காணாமல் அடுத்தடுத்த வளைவுகளில் தாமாகவே நின்றிருந்தார்கள். பின்னால் வருகிறவன் தெரியவில்லையென்றால் நிற்க வேண்டும். ஒவ்வொருவரும் தனக்குப் பின்னால் வருகிற ஒரே ஒருவரைப் பார்த்துக்கொண்டால் போதும், மொத்த வரிசையும் அறுபடாது.

இப்போது கிளப்புகளில் அவருடைய வேலைக்கு ஸ்வீப் என்று பெயர். நல்லது. ஆனால் யாரை அங்கே போடுகிறார்கள்? "நீ புதுசு, பின்னால வா" என்று சொல்லப்பட்டவரை. அவரிடம் பஞ்சர் கிட் இருக்கிறதா, மற்றவர்களின் போன் நம்பர் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள்.

இன்னொரு முறையும் இருக்கிறது. பிரிவுச் சாலை வரும்போது லீடருக்கு அடுத்த ஆள் அங்கேயே நின்று, திரும்ப வேண்டிய பக்கத்தைக் காட்டிக்கொண்டிருப்பார். எல்லோரும் தாண்டிய பிறகு, ஸ்வீப் வரும்போது அவருக்கு முன்னால் வரிசையில் சேர்ந்துகொள்வார். அடுத்த பிரிவில் அடுத்தவர். இப்படிப் போனால் யாரும் யாரையும் துரத்த வேண்டியதில்லை. அவரவர் வேகத்தில் வரலாம், வழி தவறாது. முன்னால் இருந்தவரெல்லாம் முறைவைத்துப் பின்னால் வந்துவிடுவார். நம் ஆட்களுக்கு இதில் பிடிக்காதது அந்தக் கடைசி அம்சம்தான் என்று நினைக்கிறேன்.

தனியாகவா, கூட்டமாகவா என்பதற்கு என்ன சொல்ல? இரண்டும் போங்கள். தனியாகப் போவதைப் பற்றி நான் எழுதியதைக் கூட்டத்தை விட்டு ஓடுவதற்குச் சாக்காக்க வேண்டாம். அப்பா சொல்வது பெட்ரோல் விலையைப் பார்த்தால் பாதி சரி. பெரிய வண்டி வாங்குவது உங்கள் பாடு, உங்கள் கடன் தவணை பாடு. ஆனால் ஆமைப் படத்துக்குப் பயந்து வாங்காதீர்கள். 150 சிசியில் ஏற முடியாத சாலை வால்பாறைக்குப் போடப்படவில்லை.

பந்தாவா என்றால், பந்தாவும் உண்டு. இல்லாவிட்டால் சைலன்சரை மாற்றிக்கொண்டு விடியற்காலை ஐந்து மணிக்கு ஊர்களுக்குள் உறுமிக்கொண்டு போவானேன்? அங்கே கைக்குழந்தையை அப்போதுதான் தூங்கவைத்த ஒருத்தி இருப்பாள். பேச்சுக்குப் பேச்சு 'பிரதர்ஹுட்' என்கிறார்கள். கூட வந்தவனுக்கு ஒரு முழு டீ குடிக்க நேரம் கொடுக்காதவர்களுக்கு எதற்கு அந்த வார்த்தை?

உங்களையும் திட்ட வேண்டும். எத்தனை பைக், எத்தனை சிசி, யார் என்ன சொன்னார் என்று எழுதியிருக்கிறீர்கள். வால்பாறையைப் பற்றி ஒரு வரி உண்டா? 40 கொண்டை ஊசி வளைவுகள் ஏறியிருக்கிறீர்கள். ஒன்பதாவது வளைவில் நின்றால் ஆழியார் அணை மொத்தமும் கீழே தெரியும். அந்தப் பாதையோரம் வரையாடு நிற்கும். நம் மாநில விலங்கு, ஆளைக் கண்டால் அவசரப்படாது. மேலே புதுத்தோட்டம் பக்கம் சிங்கவால் குரங்குகள் சாலைக்கே வந்துவிடும். உங்கள் கிளப்காரர்கள் முன் வண்டியின் பின்விளக்கைத்தான் பார்த்திருப்பார்கள். மெதுவாக வந்த நீங்களாவது பார்த்திருக்கலாமே ஐயா! நீங்களும் அந்த விளக்கைத்தான் தேடிக்கொண்டு போயிருக்கிறீர்கள். ஏலகிரியில் வளைவுகளுக்குப் புலவர்கள் பெயரும் வள்ளல்கள் பெயரும் வைத்திருக்கிறார்கள். அடுத்த ரைடு அங்கே என்றால் பலகைகளைப் படித்துக்கொண்டே ஏறுங்கள்.

லீடரிடம் போய், "அடுத்த முறை நான் உங்களுக்கு அடுத்த இடத்தில் வருகிறேன்" என்று கேளுங்கள். கெஞ்ச வேண்டாம், கேளுங்கள். ஏழு எட்டுப் பேராகப் பிரிந்து போகலாமே என்றும் சொல்லிப் பாருங்கள். ஒத்துக்கொண்டால் அவர்களோடு இருங்கள், நல்ல நண்பர்கள் கிடைப்பார்கள். சிரித்தார்கள் என்றால் அந்த வாட்ஸாப் குழுவிலிருந்து வெளியே வந்துவிடுங்கள், விளக்கக் கடிதமெல்லாம் வேண்டாம்.

அப்புறம், கடிதத்தோடு அனுப்பிய படத்தில் நீங்கள் போட்டிருப்பது அரை ஹெல்மெட். தாடை முழுக்கத் திறந்து கிடக்கிறது, வாரும் தொங்குகிறது. பெரிய பைக்குக்குச் சேர்த்து வைத்திருக்கும் பணத்தில் கொஞ்சம் எடுத்து, இந்த வாரமே முழு ஹெல்மெட் ஒன்று வாங்குங்கள். வாங்கியதும் எழுதுங்கள்.

அன்புடன்