ஆட்டுக்கால் சூப் ஏன் உறைகிறது?

ராத்திரி வைத்த ஆட்டுக்கால் சூப்பை ஃப்ரிட்ஜில் வைத்தால், காலையில் நுங்கு மாதிரி தளதளவென்று உறைந்து கிடக்கிறது. கொழுப்புதான் உறைந்துவிட்டது என்கிறார் மாமியார். அதைக் குடித்தால் மூட்டுவலி போகும் என்றும் சொல்கிறார். நிஜமா?
– திண்டுக்கல் வாசகி

மேலே வெள்ளையாகப் படிந்திருக்கிறதே, அது மட்டும்தான் கொழுப்பு. அதை வழித்துப் போட்டுவிட்டுப் பாருங்கள், அடியில் ஆடிக்கொண்டிருப்பது புரதம். எலும்பு, தோல், தசைநார் எல்லாவற்றிலும் இருக்கும் கொலாஜன், கொதித்த பிறகு அதற்குப் பெயர் ஜெலட்டின்.

கொலாஜன் முப்புரிக் கயிறு. ஒவ்வொரு புரியும், புரதத்தின் செங்கற்களான அமினோ அமிலங்கள் சுமார் ஆயிரம் கோத்த சங்கிலி, அதில் மூன்றுக்கு ஒன்று கிளைசின். அமினோ அமிலங்களிலேயே சின்னது அதுதான். மூன்று புரிகளும் நெருக்கிக்கொள்ளும் நடு இடத்தில் வேறு எதுவும் நுழையாது. இந்த முப்புரி அமைப்பைச் சொன்னவர்கள் நம் சென்னைப் பல்கலைக்கழகத்து ஜி.என்.ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும், 1954-இல். ஆராய்ச்சிக்குக் கொலாஜன் கிடைத்தது அடையாறு தோல் ஆராய்ச்சி நிலையத்தில். தோல் என்பதே பெரும்பாலும் கொலாஜன்தானே, அங்கே அதற்கு என்ன பஞ்சம்!

சரி, சூப்புக்கு வருவோம். புரிகளைச் சேர்த்துப் பிடித்திருப்பவை ஹைட்ரஜன் பிணைப்புகள். தனித்தனியாகப் பார்த்தால் நோஞ்சான்கள், கூட்டமாக இருப்பதால்தான் பலம். மணிக்கணக்காகக் கொதிக்கவிட்டால் அவை விட்டுப்போய், புரிகள் பிரிந்து தண்ணீரில் கலந்துவிடுகின்றன. ஆறும்போது திரும்ப முறுக்கிக்கொள்ளப் பார்க்கும், ஆனால் பழைய ஜோடி எங்கே கிடைக்கும், பக்கத்தில் அகப்பட்டதோடு அங்கங்கே பின்னிக்கொண்டு வலை மாதிரி ஆகிவிடும், தண்ணீர் அதற்குள் மாட்டிக்கொள்ளும். லேசாகச் சூடு காட்டினால் மறுபடி சூப்.

மூட்டுவலி விஷயத்தில் மாமியாரோடு எனக்கு உடன்பாடில்லை. குடித்த கொலாஜன் நேராக முழங்காலுக்குப் போய் உட்காராது. குடல் அதைத் துண்டு துண்டாக்கி, பெரும்பாலும் அமினோ அமிலமாக்கித்தான் ரத்தத்துக்கு அனுப்பும், அதை எங்கே செலவழிப்பது என்பது உடம்பின் இஷ்டம். புதுக் கொலாஜன் உறுதியாக அமைய வைட்டமின் சி வேண்டும். அது இல்லாமல்தான் அந்தக் காலத்துக் கப்பல்காரர்களுக்கு ஈறில் ரத்தம் வடிந்தது. ஆகவே சூப்பை ருசிக்காகக் குடியுங்கள், கூடவே ஒரு நெல்லிக்காய் கடித்துக்கொள்ளுங்கள்.

ஒரே நெற்பயிர்தான். அரிசி நமக்குச் செரிக்கிறது, வைக்கோல் செரிப்பதில்லையே?
– தஞ்சாவூர் வாசகர்

அரிசியின் மாவுச்சத்தும் வைக்கோலின் செல்லுலோசும் குளுக்கோசைக் கோத்த சங்கிலிகள்தான், கோத்த விதம்தான் வேறு. மாவுச்சத்தில் எல்லா மணியும் ஒரே பக்கம் பார்க்கும், செல்லுலோசில் ஒன்றுவிட்டு ஒன்று திரும்பியிருக்கும். நம் எச்சிலில் உள்ள அமைலேஸ் என்ற நொதி (செரிமானத்துக்கு உதவும் புரதம்) முதல் வகையைத்தான் வெட்டும் (வெறும் சோற்றை நன்றாக மென்றுகொண்டே இருங்கள், இனிக்கும்). இரண்டாவது வகையை வெட்டும் நொதி நம்மிடம் இல்லை. மாட்டுக்கும் சொந்தமாகக் கிடையாது என்பதுதான் வேடிக்கை, அதன் வயிற்றில் குடியிருக்கும் நுண்ணுயிர்கள்தான் அந்த வேலையைச் செய்கின்றன.

வெந்த முட்டையை மறுபடி பச்சை முட்டையாக்க முடியுமா?
– எட்டாம் வகுப்பு மாணவன், ஈரோடு

வீட்டு அடுப்பில் முடியாது தம்பி. முட்டை வெள்ளைக்கருவிலும் சூட்டில் புரதம் பிரிந்து, பக்கத்தில் இருப்பதோடு பின்னிக்கொள்கிறது. ஆனால் அந்தப் புரதத்தில் கந்தகம் உண்டு. ஒரு சங்கிலியின் கந்தகமும் இன்னொன்றின் கந்தகமும் கைகோத்துக்கொண்டால் அது உறுதியான பிணைப்பு, அடுப்புச் சூட்டுக்கெல்லாம் விடாது. திண்டுக்கல் அக்காவின் சூப்பில் அந்தப் பிணைப்பு இல்லாததால்தான் அது உருகுகிறது.